பதினோரு ஏக்கர் பனி

“இந்த வருசம் சூளையில முழங்கால் மட்டும் வுழுந்துடுச்சாமே” என்று முன்சீட்டுப் பெண் சொன்னாள். பக்கத்தில் கருவாட்டுக் கூடையை மடியில் வைத்திருந்தவள், “அப்போ அங்க ரொம்பத்தான் கவலப்பட்டுட்டாங்க” என்றாள். பிறகு இருவரும் முருங்கைக்காய் விலைக்குப் போய்விட்டார்கள்.

டவுன் பஸ்ஸில் இது என் காதில் விழுந்தது மூன்றாவது வருடத்து ஆனியில். அதற்குள் எங்கள் ஊரில் பனி என்பது ஆற்றுமணல், மின்வெட்டு போல ஒரு பழகிய பேச்சாகிவிட்டிருந்ததால் பஸ்ஸில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் வெளியூர்க்காரர்களுக்கு இதை முதலிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊருக்கு மேற்கே, கொசஸ்தலை ஆற்றங்கரையில், பதினோரு ஏக்கரில் ஒரு செங்கல் சூளை இருக்கிறது. தை பிறந்ததும் நாற்பத்திரண்டு குடும்பங்கள் அங்கே வந்து, ஆள் நிமிர முடியாத குடிசைகளில் சட்டி பானையை இறக்கி வைத்துவிட்டு, மண்ணை மிதித்துக் குழைத்து, அச்சில் அடித்து, பச்சைக்கல்லைக் களத்தில் வரிசை வரிசையாகக் காயப் போடுவார்கள். கைநீட்டி வாங்கிய முன்பணத்துக்கு இத்தனை ஆயிரம் கல் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் எண்ணிக்கை உண்டு. காய்ந்த கல்தான் எண்ணிக்கையில் சேரும்; எண்ணிக்கை முடிந்தால் ஆடியில் ஊருக்குப் போகலாம் என்பது பேச்சு. சூளைக்குப் பூட்டு கிடையாது, வேலியில் முள் கிடையாது, வாசலில் காவலாள் கிடையாது; ஒரே ஒரு வழக்கம் மட்டும் இருந்தது. ஒரு வீட்டிலிருந்து ஒருவர் வெளியே போனால், அது ஆஸ்பத்திரிக்கானாலும் சாவுக்கானாலும், அதே வீட்டில் இன்னொருவர் மேஸ்திரியின் அறை வாசலில் போய் உட்கார வேண்டும், போனவர் திரும்பி வரும்வரை எழுந்திருக்கக் கூடாது. இதற்கு அவர்கள் வேறு பெயர் எதுவும் வைக்கவில்லை. உட்காருவது என்றுதான் சொல்வார்கள். சந்தைக்குப் போக வேண்டுமென்றால் புருஷனும் பெண்சாதியும், இன்றைக்கு யார் போவது, யார் உட்காருவது என்று பேசிக்கொள்வார்கள்.

உலகத்தின் இன்னொரு மூலையில், ஏரிக்கரையில் இருக்கும் ஒரு குளிர்ந்த நகரத்தில், நாடுகள் எல்லாம் சேர்ந்து கூடுகிற ஒரு சபை இருக்கிறது. எங்கள் மண்ணில் யாரையும் கட்டாயப்படுத்தி வேலை வாங்க மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட நாடுகள், எழுதினபடி நடக்கின்றனவா என்று வருடத்துக்கு ஒரு முறை, ஆனி பிறக்கும் சமயத்தில், அங்கே உட்கார்ந்து காகிதங்களை வாசித்துப் பார்ப்பார்கள். ஒரு தொண்டு சங்கத்துக்காரர் எங்கள் சூளைக்கு டிவிஎஸ் வண்டியில் வந்து, நாலைந்து பேரிடம் விசாரித்து எழுதிக்கொண்டு போனார். அது எத்தனையோ மேஜைகளைத் தாண்டி அந்தச் சபைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த வருட அறிக்கையில் எங்கள் சூளைக்கு ஒரு வரி கிடைத்தது. கவலையுடன் குறித்துக்கொள்கிறது, என்று முடிகிற வரி.

அந்த வரியை அவர்கள் அங்கே வாசித்த நேரத்தில், இங்கே பிற்பகல் ஒன்றரை மணிக்கு, ஆனி வெயிலில், சூளையின் மேல் பனி பெய்தது. கணுக்கால் அளவுக்கு, வெள்ளையாக, சத்தமில்லாமல், சரியாகப் பதினோரு ஏக்கருக்கு. வேலிக்கு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த எருமையின் முதுகில் ஒரு துணுக்கு விழவில்லை. சூளைச் சாம்பல்தான் பறக்கிறது என்று முதலில் நினைத்து மூக்கை மூடிக்கொண்டவர்கள், அது தோளில் பட்டுச் சில்லென்று கரைந்ததும் கையில் ஏந்திப் பார்த்தார்கள், பிள்ளைகள் தின்று பார்த்தன. மூன்று மணிக்குள் களத்தில் இருந்த முப்பத்தாறாயிரம் பச்சைக்கல்லும் ஊறி, மழுங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, எந்த மண்ணிலிருந்து வந்தனவோ அந்த மண்ணாகவே படுத்துக்கொண்டன.

மேஸ்திரி முனிரத்தினம் மோசமான மனிதர் இல்லை, குரலைக்கூட உயர்த்த மாட்டார். மழையில் கரைந்த கல் அறுத்தவர்களுடைய நஷ்டம் என்பது ஏற்கெனவே இருக்கிற பேச்சு, இதுவும் மேலே இருந்துதான் விழுகிறது, அதனால் மழைக்குச் சொன்னதே இதற்கும், என்று அவர் விளக்கினார். அந்த ஆடியில் நாற்பத்திரண்டு குடும்பங்களில் ஒன்றும் ஊருக்குப் போகவில்லை.

பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் நான் வேலை பார்க்கிறேன். சங்கத்துக்காரர் சந்தோஷமாக வந்து அந்தப் பக்கத்தை இருபது நகல் எடுத்தபோது, அதில் போட்டிருந்த தேதியையும் நேரத்தையும் பார்த்தேன். எனக்குத் தோன்றியதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மறு வருடம் அதே தேதியில், அதே மாதிரி ஒரு வரி வாசிக்கப்பட்டதும், முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை பெய்தபோது, நான் சொல்லாமலேயே ஊருக்குப் புரிந்துவிட்டது.

ஊர் அதைத் தனக்கேற்றபடி எடுத்துக்கொண்டது. பழவேற்காட்டிலிருந்து மீன்காரர்கள் தெர்மாகோல் பெட்டிகளோடு வேனில் வந்து, பனியை வாரி நிரப்பிக்கொண்டு போனார்கள், ஐஸ் கம்பெனிக்குக் கொடுப்பது மிச்சம் என்று. கலர்த் தண்ணீர் ஊற்றி விற்றவர்கள் இருந்தார்கள். கல்யாணம் நிச்சயமான ஜோடிகள் வேலி ஓரம் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பின்னால் குனிந்து மண் வாருகிறவர்கள் படத்தில் வராதபடி போட்டோக்காரர் பார்த்துக்கொண்டார். அறிக்கையில் எந்தச் சொல்லுக்கு எவ்வளவு விழும் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்திருந்தது. கேட்டுக்கொள்கிறது என்றால் மாவு சலித்த மாதிரி லேசாக, கவலை என்றால் கணுக்கால், ஆழ்ந்த கவலை என்றால் முழங்கால், வருந்துகிறது என்றால் கல்கல்லாக, தலையில் பட்டால் புடைக்கும்படி. கணக்கில் தோற்றுப்போன பையனிடம் அவன் சிநேகிதர்கள், உங்கப்பா கணுக்காலா முழங்காலா என்று விசாரிப்பார்கள். தாசில்தார் நேரில் வந்து பார்த்துவிட்டு, புயல், வெள்ளம், வறட்சி, இடி, தீ ஆகியவற்றுக்கு நிவாரணம் உண்டு, பட்டியலில் பனி இல்லை என்று எழுதிவிட்டுப் போனார். சபையில் நம் நாட்டுப் பிரதிநிதி எழுந்து, நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது என்று பதில் சொல்லும் நேரத்தில் மட்டும் சூளையில் அரைமணி நேரம் வெயில் அடிக்கும். அந்த அரைமணி வெயில் பனியை உருக்கி, மிச்சமிருக்கும் கல்லுக்குள் இறக்குவதற்குச் சரியாக இருக்கும்.

சூளையில் இருந்தவர்கள் மட்டும் ஒன்றை வேண்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள். அந்த ஏரிக்கரை நகரத்தில் யாரும் தங்களை நினைத்துவிடக் கூடாது என்று கன்னிமாருக்கு ஏழு கல் நட்டு, மஞ்சள் பூசிக் கும்பிட்டார்கள். சங்கத்துக்காரரின் வண்டிச் சத்தம் கேட்டால் குடிசைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்கள்.

பூங்காவனம் அந்தச் சூளையிலேயே பிறந்தவள். சூளையில் பிறக்கிற பிள்ளைக்கு மேஸ்திரி ஒரு சின்ன அச்சு செய்து தொட்டிலில் கட்டிவிடுவது அங்கே முறை. அதைச் சீர் மாதிரிதான் கொடுப்பார், வாங்கிக்கொள்ளவும் வேண்டும். கட்டிய பிறகு அந்தப் பிள்ளை எங்கே வளர்ந்தாலும் யாரைக் கட்டினாலும் தை மாதம் இங்கே வந்தாக வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் வராதவர் என்று இதுவரை யாரும் கிடையாது. பூங்காவனம் பொன்னேரிப் பக்கத்துத் தேசப்பனைக் கட்டிக்கொண்டாள், தை மாதம் அவனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். நாலாவது வருடத்துத் தையில் அவள் வயிற்றில் மூன்று மாதம். ஆடிக்கு முன்னால் எண்ணிக்கையை முடித்துவிட்டு, பொன்னேரியில் நாத்தனார் வீட்டுக்குப் போய், அங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் பெற்றுக்கொள்ள வேண்டும், பிள்ளை இந்த வேலிக்குள் மட்டும் விழக் கூடாது, என்று அவள் தண்ணீர்க் குழாயடியில் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். ஆணா பெண்ணா என்று கேட்டவர்களிடம்கூட, வெளியில பொறந்தா போதும் என்றுதான் சொன்னாளாம்.

அந்தச் சித்திரையில்தான் கடிதம் வந்தது. சபையிலிருந்தே ஆள் வருகிறார்கள், சூளையை நேரில் பார்ப்பார்கள், வேலை செய்கிறவர்களிடம் நேரில் கேட்பார்கள், என்று.

சூளையில் யாருக்கும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அத்தனை தொலைவில் உட்கார்ந்து காகிதத்தில் வாசித்ததற்கே முழங்கால் மட்டும் என்றால், இங்கே வந்து கண்ணால் பார்த்தால் எவ்வளவு விழும், கூரை தாங்குமா, பிள்ளைகளை எங்கே தூக்கிக்கொண்டு நிற்பது, என்று குழாயடியில் கூடிப் பேசினார்கள். களத்தில் அறுபதாயிரம் பச்சைக்கல் இருந்தது. பேசிப் பேசி, நல்லா இருக்கோம் என்று எல்லோரும் ஒரே மாதிரி சொல்லிவிடுவது என்று முடிவாயிற்று. யார் எந்தக் கேள்விக்கு எப்படிச் சிரிப்பது என்பதைக்கூடச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களை மிரட்டி வைக்கச் சொல்லி முதலாளியிடமிருந்து போன் வந்திருந்ததால் அங்கே வந்த முனிரத்தினம், அவர்களே ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பதைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல், குழாயில் தண்ணீர் சரியாக வருகிறதா என்று விசாரித்துவிட்டுத் திரும்பினார்.

வந்தவர் மார்த்தா என்ற அறுபது வயதுப் பெண்மணி. உயரமானவர், முழங்கால் வலி உள்ளவர், நாற்காலி வேண்டாம் என்று மண்ணில் உட்கார்ந்தவர். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் வெயில் தாங்காமல் வழியிலேயே வாந்தியெடுத்துப் படுத்துவிட்டதால், தன் அலுவலகத்து நகல்களை எங்கள் கடையில் எடுக்கும் துணை ஆட்சியர், எனக்கு ஆங்கிலம் வரும் என்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது என்று சொன்னேன். இன்னொருத்தர் சொல்வதைத் திருப்பிச் சொல்வது பேசுவதில் சேராது என்று அவர் சொன்னார்.

வேப்பமரத்தடியில் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். கட்டாயம் ஏதும் உண்டா என்று மார்த்தா கேட்டார், இல்லை என்றார்கள். நினைத்தால் வெளியே போக முடியுமா என்றார், கதவே இல்லையே என்று வாசலைக் காட்டினார்கள். அந்தப் பதில்கள் எல்லாம் ஒரே அளவில் அறுத்த கல் போல இருந்ததாலோ என்னவோ, பத்துப் பேர் ஆனதும் மார்த்தாவின் நெற்றி லேசாகச் சுருங்கியது, சுருங்கிய அதே நொடியில் களத்தின் மேல் எங்கிருந்தோ ஒரு சாம்பல் நிற மேகம் வந்து நின்றது, காற்று சில்லிட்டது. வரிசையில் நின்றவர்கள் யாரும் மேகத்தைப் பார்க்கவில்லை, மார்த்தாவின் நெற்றியையே பார்த்தார்கள். ஒரு கிழவர் விரைந்து வந்து, அந்த அம்மாவின் தொப்பி எங்கள் ஊர்ப் பனங்கூடை மாதிரி இருக்கிறது, கவிழ்த்தால் நாலு கோழி பிடிக்கலாம் என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். மார்த்தா சிரித்தார், வெயில் வந்தது. அதன் பிறகு வந்தவர்கள் எல்லோரும் பதிலோடு ஒரு வேடிக்கையும் கொண்டுவந்தார்கள். ஒருவர் தன் மாமியாரை மாதிரி நடந்து காட்டினார். ஒருத்தி இளநீரை நீட்டிவிட்டு, மார்த்தா குடித்து முடிக்கும்வரை அவர் நெற்றிக்கு நேராகக் குனிந்து, கொட்டாமல் தண்ணீர்க் குடம் தூக்குகிறவள் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் அன்றைக்குத் திருப்பிச் சொன்னதில் பாதிக்கு மேல் நகைச்சுவைதான்.

கடைசியாகப் பூங்காவனம் வந்தாள். ஆறு மாத வயிற்றோடு மெதுவாக உட்கார்ந்தாள். மார்த்தா, உங்களை யாராவது எதற்காவது வற்புறுத்தியதுண்டா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். அவள் மார்த்தாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

“நான் பதில் சொல்றேன்க்கா. ஆனா அது உனக்கு. அவங்களுக்கு இல்ல.”

சிரித்த முகத்தை மாற்றாமல், ஊர்க்கதை பேசுகிற மாதிரிக் குரலில் அவள் சொன்னாள்.

“போன வருசம் மாசியில எங்க மாமியார் செத்துட்டாங்க. அவரு போனாரு, நான் உக்காந்தேன். அங்க காரியம் முடிய மூணு நாளாயிடுச்சு. மூணு நாளும் அந்த வாசல்ல உக்காந்தேன். நமக்குப் பதிலா வேற வூட்டு ஆளு உக்காரக் கூடாது. எதுக்கும் நான் எழுந்திரிக்கலக்கா. எதுக்கும்னா எதுக்கும்தான். அப்பவும் வயித்துல ஒண்ணு இருந்துச்சு. ரெண்டாம் நாளு அது தங்கல. அதுக்கும் எழுந்திரிக்கல.”

மார்த்தா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“படிச்சவ, யாராவது ஒருத்தர் கேட்டுக்கட்டும்னு சொன்னேன்” என்றாள் பூங்காவனம். “அந்தம்மாகிட்ட சொல்லாத. அவங்க நல்லவங்களா இருக்காங்க, கேட்டா தாங்க மாட்டாங்க. அதோ பாரு, எங்குளுது எட்டாயிரம் பச்சையா கெடக்குது. அது காஞ்சிட்டா ஆடிக்கு முன்ன நான் பொன்னேரில இருப்பேன். நல்லா இருக்கோம்னு சொல்லிடு.”

நலமாக இருப்பதாகச் சொல்கிறார், என்று நான் சொன்னேன். அதற்கா இவ்வளவு நேரம் என்று மார்த்தா கேட்டார். எங்கள் மொழியில் நலம் சொல்ல நேரமாகும் என்றேன். அவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நெற்றி மெல்ல அசைந்தது, வேப்பிலைகள் திரும்பிக்கொண்டன, மேலிருந்து ஒரே ஒரு வெள்ளைத் துணுக்கு இறங்கி வந்து, திறந்திருந்த அவர் நோட்டுப் புத்தகத்தின் மேல் விழுந்தது. அறிமுகம் இல்லாத ஒருவரைப் பார்த்து அதற்கு முன் நான் சிரித்ததில்லை. அப்போது சிரித்தேன். இந்த வருடம் வெயில் நன்றாக இருக்கிறது, கல் நன்றாகக் காய்கிறது, அதில் அவருக்கு மிகவும் மகிழ்ச்சி என்கிறார், என்றேன். மார்த்தா அதை எழுதிக்கொண்டார். காகிதத்தில் இருந்த ஈரம் அவர் எழுதி முடிப்பதற்குள் காய்ந்துவிட்டது.

அந்த ஆனியில் சபை, மனநிறைவுடன் குறித்துக்கொள்கிறது என்று வாசித்தது. எங்கள் சூளையின் மேல் அப்படியொரு வெயில் அடித்தது, மூன்று மணிக்குள் களத்தில் இருந்த கல் அத்தனையும் தட்டினால் மணிச்சத்தம் வருகிற மாதிரிக் காய்ந்துவிட்டது. மீன்காரர்கள் சாயந்திரம் நாலு மணி வரை வேலி ஓரம் காத்திருந்துவிட்டு, காலிப் பெட்டிகளோடு திரும்பினார்கள். நல்லா இருக்கோம்னு யாரு இவங்கள சொல்லச் சொன்னது, நம்ம வாயில மண்ணு, என்று அதில் ஒருவர் எங்கள் கடையில் பீடி பற்ற வைத்தபடி அலுத்துக்கொண்டார்.

பூங்காவனத்தின் எண்ணிக்கை ஆனி இருபதாம் தேதி முடிந்தது. அவளும் தேசப்பனும் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு போய் மேஸ்திரி முன்னால் நின்றார்கள். முனிரத்தினம் அவர்களை நிழலில் உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, இந்த வருடத்துக் கல் முடிந்தது, நல்லபடியாக முடிந்தது, ஆனால் பனியில் கரைந்த மூன்று வருடத்துக் கல் இன்னும் அப்படியே நிற்கிறதே, என்று சொன்னார். அவருடைய குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்ததாகத் தேசப்பன் பிறகு என்னிடம் சொன்னான்.

மறுநாள் பூங்காவனம் எட்டு மாத வயிற்றோடு மேஸ்திரி அறை வாசலில் போய் உட்கார்ந்தாள், தேசப்பன் துணை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனான். விடுதலைச் சான்றிதழ் என்று ஒன்று கொடுப்பார்கள், அது கையில் இருந்தால் யாரும் தடுக்க முடியாது, என்று எப்போதோ சங்கத்துக்காரர் சொன்னதை அவன் ஞாபகம் வைத்திருந்தான். அங்கே அவனை உட்கார வைத்து, பொறுமையாகப் பேசி, கட்டாய வேலை இந்தச் சூளையில் இல்லை என்று உலகத்துக்கே தெரிந்துவிட்ட பிறகு எதிலிருந்து விடுதலை கொடுப்பது என்று கேட்டு, ஆதாரத்துக்குச் சபை அறிக்கையிலிருந்து ஒரு பக்கத்தையும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அதை வாசித்துச் சொல்லும்படி அவன் எங்கள் கடைக்கு வந்தான்.

நான் வாசித்தேன். சூளைக்கு வாசல் திறந்தே இருப்பதை நேரில் கண்டோம். தொழிலாளர்கள் மகிழ்ச்சியான மனநிலையில் இருந்தனர். மொழிபெயர்ப்பாளர் மூலம் பேசிய கருவுற்ற பெண் ஒருவர், வெயில் நன்றாக இருப்பதில் தமக்கு மிகுந்த மகிழ்ச்சி என்று தெரிவித்தார். இந்த விசாரணை மனநிறைவுடன் முடித்துக்கொள்ளப்படுகிறது.

“பூங்காவனமா இதச் சொல்லிச்சு?” என்று கேட்டான்.

“ஆமா” என்றேன்.

அவன் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். “உக்காந்துக்கினு கீது. நான் போணும்” என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நிற்காமல் ரோட்டோரமாக ஓடினான்.

ஆடி இரண்டாவது செவ்வாயில் குடிசையில் பெண் குழந்தை பிறந்தது. ஐந்தாம் நாள் முனிரத்தினம் புதுவேட்டி கட்டிக்கொண்டு வந்து தொட்டிலில் அச்சைக் கட்டினார். வேப்பங்கட்டையில், உள்ளங்கை அகலத்துக்கு, பிள்ளைக்குச் சிராய் குத்தக் கூடாது என்று தன் கையாலேயே இரண்டு நாள் இழைத்திருந்தார். சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று அங்கேயே எழுதிவிட்டார்களே என்று, பிள்ளைக்கு ஆனந்தி என்று பெயரும் வைத்துவிட்டுப் போனார்.

பங்குனியில் ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு, கடையில் மாணவர்கள் கூட்டம் கலைந்த நேரத்தில், பூங்காவனம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். ஆனந்திக்கு எட்டு மாதம். வெயிலில் முகம் சிவந்து, அம்மாவின் தாலிக்கயிற்றைச் சப்பிக்கொண்டிருந்தது. தேசப்பன் எங்கே என்று நான் கேட்கவில்லை.

“அந்தம்மாவுக்கு எழுதணும்க்கா” என்றாள். “அன்னிக்கு உங்கிட்ட சொன்னத.”

முழுவதுமா என்று கேட்டேன். முழுவதும் என்றாள். களத்தில் இப்போது எவ்வளவு கல் இருக்கிறது என்று கேட்டேன். தங்களுடையது பன்னிரண்டாயிரம், எல்லோருடையதும் சேர்த்தால் எழுபதாயிரம் இருக்கும் என்றாள். மற்றவர்களுக்குத் தெரியுமா என்றேன். குழாயடியில் சொல்லிவிட்டுத்தான் வந்ததாகவும், பாதிப் பேர் மண்ணை வாரித் தூற்றியதாகவும், ஒரு கிழவி மட்டும் தன் வீட்டுக்காரர் உட்கார்ந்தே செத்த கதையையும் சேர்த்து எழுதச் சொன்னதாகவும் சொன்னாள்.

“எல்லாம் கரைஞ்சிடுமே” என்றேன்.

“கரைஞ்சாலும் போவ முடியல, காஞ்சாலும் போவ முடியல” என்றாள் பூங்காவனம். “அப்புறம் நான் எதுக்கு பொய் சொல்லணும்?”

அவள் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் அடித்தேன். அன்று வேப்பமரத்தடியில் அவள் சொன்ன அதே வரிசையில், அதே சொற்களாகத்தான் வந்தன. அந்த மூன்று நாட்களை அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது பிள்ளை அழுதது, பால் கொடுத்துக்கொண்டே சொன்னாள். கிழவியின் கதையையும் சேர்த்தேன். கடைசியில், அன்றைக்கு மாற்றிச் சொன்னவள் நான்தான் என்று என் பெயரோடு ஒரு வரி எழுதி, அதைத் தமிழில் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அது எதுக்கு என்று கேட்டாள். பிறகு, சரி இருக்கட்டும், அனுப்பு என்றாள்.

அறிக்கைப் பக்கத்தின் அடியில் இருந்த ஈமெயில் முகவரிக்கு அனுப்பினேன்.

“எவ்ளோ நேரத்துல போவும்?”

“போயிடுச்சு.”

“படிச்சிட்டாங்களா?”

அங்கே இப்போதுதான் விடிந்திருக்கும், ஆபீசுக்கு வந்துதான் பார்ப்பார்கள், இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் ஆகும் என்று சொன்னேன்.

“அப்போ டைம் கீது” என்று சொல்லிவிட்டு எழுந்து, வெயிலில் ரோட்டைக் கடந்து, எதிரே இருந்த ரெடிமேட் கடைக்குப் போனாள். பிள்ளைக்கு ஸ்வெட்டர் வேண்டும் என்று அவள் கேட்டதும் கடைக்காரர் சிரித்து, பங்குனி வெயிலைக் கையால் காட்டி என்னவோ சொன்னார். அவள் நின்றுகொண்டே இருந்தாள். அவர் ஏணி போட்டுப் பரண்மேல் ஏறி, மார்கழியில் விற்காமல் மிச்சமான ஒன்றைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார், ரோஸ் நிறம், காதை மூடுகிற தொப்பியோடு. அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, பஸ் நிறுத்தத்துச் சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்து, திமிறிய பிள்ளையின் இரண்டு கையையும் உள்ளே நுழைத்து, ஆறு பொத்தானையும் கழுத்து வரை ஒவ்வொன்றாகப் போட்டு, தொப்பியை இழுத்துக் காதுகளை மூடிவிட்டு, சூளைக்குப் போகும் பன்னிரண்டு மணி பஸ்ஸில் ஏறினாள்.